வரவேற்பறைச் சுவரில் மாட்டியுள்ள எனாமல் குவளை குறித்து

மதிப்பிற்குரிய மகன் அவர்களுக்கு, உன் தாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு இன்றோடு பத்தொன்பது நாட்களாக விடை தராமல் இருந்ததற்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு அமர்ந்து, பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வருகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் மனு எழுதித் தருகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பொட்டலம் கட்டி வந்த தாள்களையும், பிறர் தூக்கி எறிந்த பழைய மனுக்களையும் பார்த்துப் பார்த்து எழுதியே இந்த நடையைக் கற்றேன். என் மனுவில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி எந்த எழுத்தரும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவள் சொந்த மகனுக்கு எழுத உட்கார்ந்து நான்கு முறை தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது தாள்.

இக்கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. என் மருமகள் நிவேதா படிக்கலாம். அவளுடைய பெற்றோர் படிக்க நேர்ந்தாலும் எனக்கு மறுப்பில்லை. உன் கேள்வி இதுதான்: "ஏம்மா, அன்னிக்கு ஒரு வாய் கூட சாப்டாம கெளம்பிட்ட?" வயிறு சரியில்லை என்று அன்று உன்னிடம் சொன்னேன். அது உண்மையன்று. எனக்கு அருவருப்பாக இருந்தது. இதைவிட மென்மையான சொல் ஒன்றைத் தேடித்தான் அந்த நான்கு தாள்களும் வீணாயின. அப்படி ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

செவிலிமேட்டில் வீடு கட்டி முடித்ததிலேயே உன் கை இறுகிவிட்டது என்பதை அறிவேன். அலங்காரத்துக்கென்று அதிகம் செலவிடாமல் நிவேதா எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்திருக்கிறாள் என்று நீ பெருமையாகச் சொன்னபோது எனக்கும் பெருமையாகவே இருந்தது. அதனால்தான் உன் வீட்டைப் பார்க்க நான் கிளம்பிய அன்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரி தானும் வருவேன் என்று பூவும் பழமும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியபோது நான் தடுக்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். அவள் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்த அலமாரியைப் பார்த்துவிட்டாள். வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் நீலமும் அதற்கும் அடியில் வெறும் மரமும் தெரிய நின்றிருந்தது அது.

"இன்னா யக்கா, உம் புள்ள பெயிண்டு பத்தாம பாதியில நிறுத்திக்கினானா?" என்று என் காதைக் கடித்தாள். அவள் காதைக் கடித்தால் தெருமுனை வரை கேட்கும்.

நீ சிரித்தாய். "இல்ல சித்தி, இது ஒரு ஸ்டைலு. ஷேபி சிக்னு சொல்லுவாங்க. புதுசையே பழசு மாதிரி ஆக்கறது."

"அதுக்கு எதுக்குப்பா நீ கஷ்டப்படுற? எங்க வூட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வை. எம் பேரனே ஆக்கிக் குடுத்துடுவான்."

நிவேதாவும் சிரித்தாள். அவள் நல்ல பெண். இக்கடிதத்தின் எந்த வரியும் அவளைக் குறை சொல்வதாகக் கொள்ள வேண்டாம். என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "மொதல்ல மெழுகுவர்த்திய அங்கங்க தேச்சிடணும் அத்தை. அது மேல பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டா அந்த எடம் மட்டும் உரிஞ்சு வரும். பாருங்க, எவ்ளோ நேச்சுரலா இருக்கு!" சுவரில் தறிக்கு மாட்டும் பழைய துளை அட்டைகள் ஒரு சரமாகத் தொங்கின. "எலி கடிக்குதுன்னு நாங்க எடைக்குப் போட்டது, இங்க வந்து செவுத்துல ஏறிக்கினு கீது பாரு," என்றாள் கஸ்தூரி. சன்னல் திரைகள் பழுப்பாக இருந்தன. புது வெள்ளைத் துணியை டீ டிகாஷனில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து அந்த நிறத்தைக் கொண்டுவந்ததாக நிவேதா சொன்னாள். உன் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். கை முழங்கை வரை எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். கல்யாணம் காட்சிக்குப் போட அவரிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதில் ஒரு சொட்டு டீ பட்டால் எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்து, நீலம் போட்டு, என் விரல் தோல் உரியும்வரை அலசுவேன். அப்படி வாழ்ந்தவளுக்கு முன்னால் டீக்கறையைத் திரையாக விரித்துக் காட்டினால் அவள் முகம் எப்படி மலரும், நீயே சொல்.

பிறகு சாப்பிட உட்காரச் சொன்னீர்கள். காயலான் கடையில் வாங்கிய ஒரு பழைய கதவைப் படுக்கவைத்து, கால் கொடுத்து, அதைச் சாப்பாட்டு மேசை ஆக்கியிருந்தீர்கள். தாழ்ப்பாளைக்கூடக் கழற்றவில்லை. அது என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டத்தின் இடுக்கில் யார் வீட்டு மஞ்சளோ எண்ணெயோ பல வருடமாக இறுகிக் கருத்துக் கிடந்தது. அந்தக் கதவை எத்தனை பேர் காலால் உதைத்துத் திறந்தார்களோ, எந்த வீட்டுப் பிணத்தை அதன் வழியே வெளியே எடுத்தார்களோ, அதன்மேல் நீ எனக்குச் சாம்பார் ஊற்றினாய். "தாப்பா போட்டுக்கினுதான் சாப்டணுமா யக்கா?" என்று கஸ்தூரி கேட்டதற்கு நீங்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்.

பழைய பொருளை வாங்காதே என்று நான் சொல்வதாக எண்ணாதே. நம் வீட்டுக்குப் புதிதாக வந்த பொருள் எது? எல்லாமே ஏதோ ஒரு வீடு கழித்துக் கட்டியதுதான். ஆனால் நான் எதையும் வந்தபடியே உள்ளே விட்டதில்லை. சலவைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றித் தேய்த்துக் கழுவுவேன். மூன்று நாள் வெயிலில் போடுவேன். மரத்தூளும் கோந்தும் குழைத்து விரிசலை அடைப்பேன். அதன் பிறகே வண்ணம் பூசுவேன். அதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு முந்தைய வீட்டுக்காரன் தெரியக் கூடாது. குறைந்த செலவில் வீட்டை அழகாக்க எனக்குத் தெரிந்த முறை இதுதான். சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடி. ஆணி அடித்த ஓட்டைகளை மூடு. இருக்கும் நான்கு பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கி வரிசையாக வை. வீடு தானாக நிமிர்ந்து நிற்கும்.

இந்த முறையில் நான் எவ்வளவு கடுமையாக இருந்தேன் என்பதை உன் கன்னம் அறியும். நீ ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது உன் வகுப்பாசிரியர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நம்மிடம் உட்கார இருந்தது ஒரு முக்காலி. சாமான் வந்த பெட்டிப் பலகையில் செய்தது அது. அவர் வருகிறார் என்று அதற்கு ஒரு வாரம் முன்பே பச்சை வண்ணம் பூசி, காயவைத்து, யாரையும் உட்காரவிடாமல் காத்திருந்தேன். நீ காம்பஸ் முனையால் அதில் உன் பெயரைக் கீறிவிட்டாய். ஓங்கி அறைந்தேன். ஐந்து விரல்களும் பதிந்துவிட்டன. மறுநாள் ஆசிரியர் வந்தபோது அவரைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, கீறலை மறைக்க உன்னையே அந்த முக்காலியின்மேல் உட்கார வைத்தேன். முக்காலியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. உன் வீங்கிய கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைக் காட்டிலும் பூச்சு எனக்குப் பெரிதாக இருந்த நாள் அது. அந்த அறைக்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இவ்வளவு காலம் கடந்து கேட்பதற்கும் சேர்த்தே கேட்கிறேன்.

ஆனால் அலமாரிக்காகவும் திரைக்காகவும் கதவுக்காகவும் நான் எழுந்து வந்துவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கவளம் விழுங்கியிருப்பேன். அப்போதுதான் நிவேதா, "அத்தை, மெயின் ஐட்டத்த நீங்க இன்னும் பாக்கவே இல்ல," என்று என் தோளைப் பிடித்து வரவேற்பறைப் பக்கம் திருப்பினாள். சுவரின் நட்டநடுவில் ஒரு துருப்பிடித்த ஆணி. ஆணியில் அந்த எனாமல் குவளை. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, விளிம்பில் மூன்று இடத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்த இரும்பு. உள்ளே மண் நிரப்பி மணிபிளான்ட் கொடி ஒன்றை நட்டுத் தொங்கவிட்டிருந்தீர்கள்.

"உன் வூட்டுப் பரண்ல இருந்து எடுத்துக்கினு வந்தேம்மா. சர்ப்ரைஸு!" என்றாய் நீ.

"இதுல செமையான விஷயம் என்னன்னா அத்தை, அடியில ஓட்டை ஏற்கெனவே இருந்துச்சு! டிரில் பண்ற வேலையே இல்ல. ஊத்துற தண்ணி அழகா வடிஞ்சிடுது," என்றாள் நிவேதா. அதோடு நிற்கவில்லை. குறைந்த செலவில் வீட்டை எப்படி அழகாக்கினோம் என்று ஒரு வீடியோ எடுத்துத் தன் பக்கத்தில் போடப்போவதாகவும், நான் அந்தக் குவளைக்குப் பக்கத்தில் நின்று, உன் தாத்தா பாலாற்று மணலில் ஓட்டப்பந்தயம் ஓடி அதைப் பரிசாக வென்ற கதையை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். "நீங்க பேசுனா சூப்பரா இருக்கும் அத்தை. உங்க தமிழ் இருக்கே!"

"இன்னாமா, மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு?" என்று நீ கேட்டாய். வயிறு என்றேன். கஸ்தூரியை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மகனே, உன் தாத்தா ஓடி நான் பார்த்ததே இல்லை. பாலாற்று மணலில் பந்தயம் எதுவும் நடக்கவில்லை. ஒரு போகிப் பண்டிகைக்குப் பரணைக் காலி செய்தபோது, ஒன்பது வயதில், நீ அந்தக் குவளையைக் கையில் எடுத்துவிட்டாய். "இது இன்னாமா?" என்றாய். "தாத்தா ரேஸ்ல ஜெயிச்சது" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். நீ ஒவ்வொரு போகிக்கும் கேட்டாய், நானும் ஒவ்வொரு போகிக்கும் கூட்டினேன். முதல் வருடம் மூன்றாம் பரிசு. மறு வருடம் முதல் பரிசு. அடுத்து ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவரை வரவழைத்து விசில் ஊதவைத்தேன், தாத்தாவின் தலையில் மஞ்சள் துண்டு கட்டினேன். எழுதத் தெரிந்தவள் பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் கட்டுவாள். நீ பள்ளியில் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். உன் நிமிர்ந்த நெஞ்சைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் என் இரண்டாவது தவறு. முன்னதைவிடப் பெரியது.

உண்மையை எழுதுகிறேன். என் அப்பா எங்கள் கிராமத்துப் பெரிய வீட்டில் படியாளாக இருந்தார். நிலம் அவர்களுடையது, வேலை எங்களுடையது. அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்பக்கத் தூணில் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியில்தான் இந்தக் குவளை தொங்கியது. எங்கள் தெருவிலிருந்து யார் வேலைக்குப் போனாலும் அதைத்தான் எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். மோரோ கூழோ தண்ணீரோ, மேலேயிருந்து படாமல் ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி, நாமே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அது வீட்டுக்குள் போகாது, அந்த வீட்டார் கை அதன்மேல் படாது. நானும் ஏழெட்டு வயதில் களை எடுக்கும் நாட்களில் அதில் குடித்திருக்கிறேன். விளிம்பு பெயர்ந்த இடம் உதட்டில் படும்போது ஒரு துருச் சுவை வரும். உனக்குச் சொல்லாத அந்தச் சுவை இதை எழுதும்போதும் என் நாக்கில் வருகிறது.

என் அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பெரிய வீட்டில் கடைசி நாள், வேலை முடிந்து முகம் கழுவியவர், தூணில் இருந்த குவளையை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வீட்டில் அதைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்தச் சனியன ஏன்யா வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்த?"

"நா போய்ட்டா நாளைக்கு வேற ஒருத்தன் இதுல குடிப்பான்."

"த்தூ! அவுங்களுக்கு வேற லோட்டாவா கெடைக்காது? நீ ஒன்ன எடுத்துக்கினு வந்துட்டா எல்லாம் ஓஞ்சிடுமா?"

அப்பா குத்துக்காலிட்டு அமர்ந்தார். குவளையைத் தரையில் கவிழ்த்தார். ஒரு பெரிய ஆணியை அதன் அடியில் வைத்துக் கருங்கல்லால் அடித்தார். எனாமல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. நான்காவது அடியில் ஆணி உள்ளே இறங்கியது. "இனிமே எவனும் இதுல குடிக்க முடியாது" என்று சொல்லிப் பரணில் வீசினார். நிவேதா மெச்சிய ஓட்டை அதுதான். மறுநாளே பெரிய வீட்டுத் தூணில் ஓர் அலுமினியக் குவளை மாட்டியிருந்ததாம். என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா ஒருமுறையும் சிரித்ததில்லை. அவர் போன பிறகு நான் அதை எறிய முயன்றேன். போகியில் எரிக்க அது எரிகிற பொருளன்று. எடைக்குப் போட மனம் வரவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை. வருடா வருடம் எடுத்துப் பார்த்துத் திரும்பப் பரணில் தள்ளினேன். அதை நீ எடுத்து, துடைத்து, ஓர் ஆணி அடித்து, மறுபடியும் அதில் தொங்கவிட்டுவிட்டாய்.

உன்மேல் கோபமா என்று கேட்டால், முதல் வாரம் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அது என்ன என்று உனக்கு யார் சொன்னார்கள்? முக்காலிக்குப் பூசியதைப்போலவே உன் தாத்தாவுக்கும் பூசினேன். விரிசலை அடைத்தேன், நல்ல நிறமாகத் தேர்ந்தெடுத்தேன். நீ கந்தலைப் பார்த்து அழகு என்கிறாய் என்றால், கந்தல் உன் உடம்பில் பட்டுவிடாதபடி நான் வளர்த்திருக்கிறேன் என்று ஒரு கணம் கர்வம்கூடக் கொண்டேன். அடுத்த கணமே அந்தக் கர்வமும் எனக்குக் குமட்டியது. பெற்ற தகப்பன் கல்லெடுத்து அடித்ததை விசில் ஊதி மறைத்தவள் நான்.

இனி நடக்க வேண்டியதற்கு வருகிறேன். எனக்காகத் தள்ளிவைத்த வீடியோவை வரும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போவதாகவும், அன்று நிவேதாவின் பெற்றோரும் சென்னையிலிருந்து வருவதாகவும் செய்தி அனுப்பியிருந்தாய். பெண் கேட்கப் போனபோது அவர்கள் என்னிடம் "உங்க பூர்வீகம்?" என்று கேட்டார்கள். "விவசாயக் குடும்பம்" என்றேன். யாருடைய நிலம் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாம் எந்தத் தெரு என்பது நிவேதாவுக்குத் தெரியும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவளுடைய பெற்றோருக்கு எவ்வளவு தெரியும் என்பதை நான் அறியேன். தெரிந்த பிறகும் அந்தக் கதவு மேசையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்பதையும் அறியேன். அது உன் குடும்பம், உன் வாழ்க்கை. எனவே முடிவை உன்னிடமே விடுகிறேன்.

நான் வந்தால் குவளைக்குப் பக்கத்தில் நிற்பேன். மேலே எழுதியதை அப்படியே, ஒரு சொல் குறைக்காமல், யார் எதிரே இருந்தாலும் சொல்வேன். பந்தயக் கதை இனி என் வாயில் வராது. வர வேண்டாம் என்று நீ கருதினால் அதையும் நேராக எழுது. வேலை இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றெல்லாம் மழுப்பாதே. கோபப்பட மாட்டேன் என்று உறுதி தர இயலாது, ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன். அதற்குள் அந்தக் குவளைக்கு ஒன்று மட்டும் செய். கொடியைப் பிடுங்கி வேறு தொட்டியில் நடு. மண்ணைக் கொட்டிவிட்டு உள்ளே கையை விட்டு நன்றாகக் கழுவு. ஓட்டையின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து கூராக இருக்கும், விரலைக் கிழித்துவிடும், பார்த்துக் கழுவு.

கஸ்தூரியின் மகன் வெள்ளிக்கிழமை செவிலிமேட்டுப் பக்கம் வருகிறான். வரட்டுமா வேண்டாமா என்பதை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் பதில் எனக்குக் கிடைக்க வேண்டும். தாமதிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா